ஐந்து நாள் ராசா

கண்டி அரசர் இரண்டாம் ராஜசிங்கன் அரசியலில் பழம் தின்று கொட்டை போட்டவர். சகோதரச் சண்டையில் மாத்தளை விஜயபாலனைப் போர்த்துக்கேயரிடமே ஓட வைத்தார். 1638இல் கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படையை நொறுக்கினார். மிச்சமிருந்தவர்களை விரட்ட ஒல்லாந்தரோடு கைகோத்தார். அவர்கள் 1656இல் கொழும்பைப் பிடித்துத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கின கதை என்று சிங்களவர் இன்றைக்கும் சொல்வது இதைத்தான்.

உடுப்பிலும் ஆள் தனி ரகம். நாலு மூலைத் தொப்பி, அதன் நெற்றியில் நட்டுக்கு நிற்கும் இறகு, கணுக்கால் வரை காற்சட்டை, காலுறை, சப்பாத்து. மலைநாட்டில் கிட்டத்தட்ட இருபது வருசம் கைதியாகக் கிடந்த ஆங்கிலேயர் ராபர்ட் நொக்ஸ் எழுதி வைத்திருக்கிறார். தைத்தவர் யாரென்று எழுதாமல் விட்டது பெருங்குறை.

1664 டிசம்பர் 21, நடுச்சாமம். அரசர் நில்லம்ப மாளிகையில் இருந்தார். அவருடைய கொடுமை பொறுக்காதவர்கள், அம்பன்வெல ரால முன்னிற்க, உள்ளே புகுந்து காவலரை வெட்டிச் சாய்த்தார்கள். இனி அரசர்தான் பாக்கி. அங்கே போகத்தான் ஒருவருக்கும் கால் எழவில்லை. "நீங்க முன்னுக்குப் போங்க", "இல்லையில்லை, நீங்கதானே பெரியவர்" என்று மரியாதை பண்ணியே விடிந்திருக்க வேண்டும். மறுநாள் அரசர், காட்டை முறித்து வழி திறக்க யானைகளை முன்னே விட்டு, மலையேறிவிட்டார்.

அப்பன் தப்பினால் மகன். கலகக்காரர் கண்டிக்கு ஓடி, தமிழகக் கரையிலிருந்து வந்த அரசி பெற்ற பதினைந்து வயதுப் பையனைப் பிடித்து, இனி நீங்கள்தான் ராசா என்று விழுந்து கும்பிட்டார்கள். பையன் வெலவெலத்துப் போனான். அப்பாவைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததில் பாதி இவர்களுக்குத் தெரியவில்லை.

டிசம்பர் 25 காலை ஆங்கிலேயக் கைதிகளுக்குக் காசும் துணியும் கொடுத்து ஆள் சேர்த்தார்கள். நத்தாருக்கு நல்ல பரிசு. அதே வேளையில் அரசரின் சகோதரி, மருமகனை இழுத்துக்கொண்டு அரசரிடம் ஓடிவிட்டார். கலகம் முழுக்கத் தேடினாலும் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்த ஒரே ஆள் இந்த அத்தைதான். கண்டியில் சிலை வைக்க இடமிருந்தால் இவருக்கு வைக்கலாம்.

பிறகென்ன, நேற்றைய கலகக்காரன் இன்றைய விசுவாசி. விசுவாசத்தை நிரூபிக்கப் பக்கத்தில் நின்றவனை வெட்டினான். எட்டுப் பத்து நாள் இதே வேலை. இப்போது கட்சி தாவுகிறவர்கள் ஓர் அறிக்கையோடு விட்டுவிடுகிறார்கள். நாடு முன்னேறித்தான் இருக்கிறது.

அரசர் நில்லம்பவைக் கைகழுவிவிட்டு ஹேவாஹெட்டவில், ஹங்குராங்கெத்தப் பக்கம், தியதிலகவில் குடியேறினார். வெறும் கல்லும் மேடும். தீவு முழுக்கத் தேடினாலும் இதைவிட மோசமான இடம் கிடைக்காது என்பது நொக்ஸின் தீர்ப்பு. ஆனால் மாளிகையின் முதுகுப் பக்கத்திலேயே, அன்று ஓடி ஒளிந்த அதே மலை. அடுத்த முறை ஓட்டம் சுருக்கம்.

பையனை அதற்குப் பிறகு வெளியில் கண்டவரில்லை. அப்பனே நஞ்சு வைத்துவிட்டார் என்று ஊர் பேசியது. 1687இல் அரசர் கண்ணை மூடியதும், இரண்டாம் விமலதர்மசூரியன் என்று மகன் ஒருவர் வந்து அரியணையில் உட்கார்ந்தார்.

அம்பன்வெல ரால விஷயத்தில் அரசருக்குத் தன் கைச்சரக்கில் திருப்தியில்லை. சித்திரவதையில் ஒல்லாந்தர் புதிசு புதிசாகக் கண்டுபிடிப்பார்கள் என்று நம்பி, ஆளைக் கட்டிக் கொழும்புக்கு அனுப்பினார். அவர்கள் கட்டை அவிழ்த்துச் சோறு போட்டு வைத்துக்கொண்டார்கள்.