வழி தெரிந்தால் போதுமா?

கேள்வி: எங்கள் பாடசாலை ரவுட்டரில் பைபரும் 4ஜியும் உண்டு. இரண்டுக்கும் ஸ்டாட்டிக் ரவுட் எழுதியும், பைபர் அறுந்தால் இணையம் நின்றுவிடுகிறதே, ஏன்?
– வாசகர், புல்மோட்டை

பதில்: ஸ்டாட்டிக் ரவுட், அதாவது நாம் கையால் எழுதிவைக்கும் நிலையான வழி, சொன்ன சொல் தவறாத பிள்ளை; பாதை செத்தாலும் அதே பக்கம்தான் அனுப்பும். குச்சவெளியில் வீதி வெள்ளத்தில் மூழ்கினால் பஸ் சாரதி பதவியா பக்கம் திரும்புவார். ரவுட்டருக்கு அதை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பைபருக்கு முன்னுரிமை எண் 1, 4ஜிக்கு 10 கொடுங்கள். சிறிய எண்ணே முந்தும். ஆனால் கம்பி தூரத்தில் அறுந்தால் ரவுட்டரின் விளக்கு பச்சையாகவே எரியக்கூடும். ஆகவே வெளியுலக முகவரி ஒன்றை இடைவிடாமல் பிங் செய்து, பதில் இல்லையென்றால் முதல் வழியை நீக்கச் சொல்லுங்கள். அந்த பிங் பைபரில் மட்டுமே போகவும் தனி வழி எழுதுங்கள். இல்லையேல் 4ஜி பதில் சொல்ல, பைபர் பிழைத்துவிட்டதென்று ரவுட்டர் ஏமாறும்.

பெரிய வலையமைப்புக்கு, வழிகளை யாருடன் பகிர்வது என்ற விதியான ரவுட்டிங் பாலிசியும் கட்டாயம். 2008 பெப்ரவரி 24இல் யூடியூப்பை உள்நாட்டில் தடுக்க பாகிஸ்தான் டெலிகொம் எழுதிய வழி வெளியே கசிந்தது. அதற்கு வெளியுலக இணைப்பு வழங்கிய மேல்நிலை நிறுவனம் வடிகட்டாமல் அந்த வழியைப் பரப்ப, உலகின் பெரும்பகுதிக்கு இரண்டு மணிநேரம் அளவில் யூடியூப் இல்லை. வழி எழுதுவது பாதி வேலை; அதை யாருக்குச் சொல்லலாம், யாரிடம் கேட்கலாம் என்று வரையறுப்பதே மீதி.