டாலரும் கோழிச்சோறும்

டெலிகிராமில் ஒருவர், 'கரன்சி டிரேடிங்கில் பத்தாயிரம் போடுங்கள், மாதாமாதம் இரட்டிப்பாக்கித் தருகிறேன்' என்கிறார். போடலாமா? – கல்லூரி மாணவர், ஈரோடு

இரட்டிப்பாக்கத் தெரிந்தவருக்கு உங்கள் பணம் எதற்கு? 10,000 ரூபாய் மாதாமாதம் இரட்டித்தால் பத்தே மாதத்தில் ஒரு கோடியைத் தாண்டிவிடுமே!

100 மடங்கு 'லெவரேஜ்', அதாவது போட்ட பணத்தைப்போல் 100 மடங்குக்கு வர்த்தகம் செய்யலாம் என்றும் ஆசை காட்டுவார்கள். அதில் விலை 1 சதவீதம் எதிர்ப்பக்கம் நகர்ந்தாலே போட்டது மொத்தமும் காலி. அனுமதியில்லாத அந்நியச் செலாவணித் தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. அதில் பெயர் இல்லை என்பதாலேயே ஒரு தளம் அனுமதி பெற்றதாகிவிடாது. போடாதீர்கள், தம்பி.

சிக்கனையும் அரிசியையும் ஒன்றாக ஓவனில் வைத்தேன். கோழி வெந்துவிட்டது, மேலே இருக்கும் அரிசி மட்டும் நறுக் நறுக்கென்று கடிபடுகிறது. ஏன்? – வாசகி, திருச்சி

மூடினீர்களா? ஓவனின் சூடு வறட்டுச் சூடு. திறந்து வைத்தால் அரிசி குடிக்க வேண்டிய தண்ணீரை அது குடித்துவிடும்.

பாஸ்மதியை அரை மணி நேரம் ஊறவையுங்கள். கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, அலுமினியத் தாளால் விளிம்புவரை இறுக்கி மூடி, 180 டிகிரியில் வையுங்கள். கோழியின் தடித்த பகுதிக்குள் 74 டிகிரி சூடு ஏறியிருக்க வேண்டும். நடுநடுவே மட்டும் திறந்து பார்க்காதீர்கள்.