ஜோங்காக்காரர்

யானை வளர்ப்பவர் உண்டு, குதிரை வளர்ப்பவர் உண்டு, பந்தயப் புறா வளர்ப்பவரும் உண்டு. இவர்களையெல்லாம் ஊர் ஒருவாறு புரிந்துகொள்கிறது. ஆனால் கோயம்புத்தூரில், மூன்றே பேர் கொண்ட குடும்பத்துக்குக் கடைவீதிக்கும் கல்யாணத்துக்கும் போய்வர ஒரு சின்னக் காரும் ஒரு ஸ்கூட்டரும் குறைவின்றி இருக்கையில், இந்திய ராணுவமே தனக்கு இனி வேண்டாமென்று கழித்துவிட்ட ஒரு வண்டியை வாங்கிவந்து வாசலில் நிறுத்தி, அதற்குத் தம் ஞாயிற்றுக்கிழமைகளையும் சேமிப்பையும் முதுகெலும்பையும் நிவேதனம் செய்கிற மனிதரை என்ன பெயரிட்டு அழைப்பது என்று எங்கள் வீதிக்கு வெகுநாள் தெரியவில்லை. கடைசியில் பால்காரர்தாம் அந்தச் சங்கடத்தைத் தீர்த்துவைத்தார். "ஜோங்காக்காரர் ஊட்டுக்கு அடுத்த ஊடுங்களா?" என்று என்னைக் கேட்டார். அன்றுமுதல் அவர் ஜோங்காக்காரர். நான் ஜோங்காக்காரருக்கு அடுத்த வீட்டுக்காரன். முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்துச் சம்பாதித்த என் பெயர் அன்றோடு போயிற்று.

ஜோங்கா என்பதை ஜப்பானியச் சொல் என்று எண்ணுகிறவர்கள் பலர். ஆப்பிரிக்கக் காட்டுமிருகம் என்பது என் மாமியாரின் அபிப்பிராயம். உண்மையில் அது 'ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன் கேரேஜ் அசெம்ப்ளி' என்ற நீண்ட சர்க்கார்ப் பெயரிலிருந்து எழுத்துக்களைப் பொறுக்கிக் கோத்த பெயர். நிஸ்ஸான் கம்பெனியின் பேட்ரோல் என்னும் வண்டியை உரிமம் பெற்று, நம் ராணுவத்துக்கென்று ஜபல்பூரில் 1960-களிலிருந்து 1999 வரையில் செய்துவந்தார்கள். ஆறு சிலிண்டர், 3,956 சி.சி. பெட்ரோல் எஞ்சின்; முன்னும் பின்னும் வில் பட்டைகள்; நான்கு சக்கரங்களுக்கும் இழுவை; உட்காருகிறவர் சிப்பாய், ஆகையால் அவருக்கு உடம்பு வலிக்காது என்ற நம்பிக்கையில் அமைத்த ஆசனங்கள். பனிமலையில் ஏறவும் பாலைமணலில் புதையாமல் ஓடவும் பிறந்த அந்த ஜீவன் எங்கள் வீதியில் சந்திக்கிற பேரிடையூறு, குழாய் பதிக்கத் தோண்டியவர்கள் மூட மறந்துபோன ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தையும் நம்மவர் நான்கு சக்கர இழுவையைப் போட்டுத்தான் கடப்பார்.

ராணுவம் கழிக்கிற வண்டிகளை எம்.எஸ்.டி.சி. என்ற பொதுத்துறை நிறுவனம் ஏலத்தில் விற்கிறது. மொத்தமாக எடுக்கும் வியாபாரி சில்லறையாக நம்மவர்கள் தலையில் கட்டுகிறார். ஜோங்காக்காரரின் வண்டி ஒரு லாரியின் முதுகில் ஏறி வந்திறங்கியபோது அதில் எஞ்சின் இருந்தது. ஆனால் பாதி எஞ்சின் வண்டியிலும் மீதி இரண்டு சிமெண்டுச் சாக்குகளிலும் இருந்தது. அன்றைக்கே அவர் எனக்கு ஒரு வாக்குறுதி அளித்தார்: வண்டி தயாரானதும் முதல் பிரயாணம் உதகைக்கு, முன்சீட்டு எனக்கு. போகிற வழியில் வெலிங்டனில் மதராஸ் ரெஜிமென்ட் மையத்தின் வாசலை மெதுவாகக் கடக்க வேண்டும் என்பதும், அங்கே காவல் நிற்கும் சிப்பாய் ஞாபகப்பிசகாக ஒரு சல்யூட் அடித்துவிடக்கூடும் என்பதும் அவருடைய அந்தரங்க ஆசை. தோனி ராஞ்சி வீதியில் பச்சை ஜோங்கா ஓட்டிவந்த செய்தி 2019-இல் வெளியானபோது அவர் நடையே மாறிப்போயிற்று. "தல இப்பத்தானுங்க வாங்கியிருக்காரு, நம்மது வந்து மூணு வருஷமாச்சு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். தோனியாவது பிரதேச ராணுவத்தில் கௌரவ லெப்டினன்ட் கர்னல். நம்மவர் கல்லூரி என்.சி.சி.யில் ஒன்றரை வருஷம் இருந்து, கால் சுளுக்கு என்று விலகிக்கொண்டவர்.

இவரிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு. அதை முதல் நாளே நான் கேட்டுவிட்டேன்: "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" அவர் முகம், கோயிலில் சந்நிதி முன் நின்றுகொண்டு அர்ச்சகரிடம் அம்மன் நகைகளின் சவரன் கணக்கை விசாரித்தவனைப் பார்ப்பதுபோல ஆகிவிட்டது. "யுத்தத்துல மைலேஜ் பாக்க முடியுங்களா?" என்றார். நான்கைந்து கிலோமீட்டர் என்று பின்னால் வேறிடத்தில் அறிந்தேன். ராணுவத்தில் அந்த வண்டிக்குப் பின்னால் இ.எம்.இ. என்றொரு முழுப் படைப்பிரிவு பழுது பார்க்க நின்றது. பெட்ரோலைச் சர்க்கார் ஊற்றியது. ஓட்ட ஒருவர், துடைக்க ஒருவர், கையெழுத்துப் போட ஒருவர் இருந்தார்கள். நம்மவர் வண்டியை மாத்திரம் வாங்கிக்கொண்டு, மற்றவற்றையெல்லாம் ராணுவத்திடமே விட்டுவிட்டு வந்துவிட்டார் என்பதுதான் இந்தச் சரித்திரத்தின் மூல காரணம்.

பெட்ரோல் செலவைத் தாளாமல், பழைய எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொரு கம்பெனியின் டீசல் எஞ்சினைப் பொருத்திக்கொண்ட ஜோங்காக்கள் நாட்டில் ஏராளம். அந்த டீசல்காரர்களுக்கும் நம்மவர் போன்ற பெட்ரோல்காரர்களுக்கும் நடக்கிற தர்க்கத்தைக் கேட்டால், வடகலைக்கும் தென்கலைக்கும் யானையின் நெற்றியில் எந்த நாமம் என்று நடந்த வழக்கெல்லாம் சாமானியமாகத் தோன்றும். ஒருநாள் பொள்ளாச்சியிலிருந்து ஒரு டீசல் ஜோங்காக்காரர் வந்தார். தம் வண்டியிலேயே, ஒரு மணி நேரத்தில், வியர்க்காமல் வந்தார். நம்மவர் அவருக்குக் காபி கொடுத்தார், இலைபோட்டுச் சாப்பாடும் போட்டார். அவர் புறப்பட்டுப் போனபின் என்னிடம் தாழ்ந்த குரலில், "நல்ல மனுசன்தானுங்க, ஆனா அது ஜோங்கா இல்லீங்க" என்றார். அது ஓடிற்றே என்று நான் சொல்ல வாயெடுத்து, அயல்வீட்டுச் சிநேகத்தை உத்தேசித்து அடக்கிக்கொண்டேன்.

சாமான் தேடுகிற படலம் தனி. இவருடைய பாட்டனார் காலத்திலிருந்து தட்சிண பாரத ஹிந்தி பிரசார சபை எத்தனையோ பரீட்சைகள் நடத்தியும் இந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் வராத ஹிந்தி, ஜோங்காவினால் இவருக்கு வந்துவிட்டது. பழைய ஜீப்புகளுக்குப் பேர்போன ஹரியானாவின் டப்வாலிக்கும் தில்லியின் மாயாபுரி காயலான் கடைகளுக்கும் இரவு ஒன்பது மணிக்குமேல் தொலைபேசியில் பேசுவார். கேஸ்கெட்டைப் பற்றியும் ஆயில் சீலைப் பற்றியும் அவர் மடைதிறந்தாற்போல் ஹிந்தி பேசுவார்; குடிக்கத் தண்ணீர் கேட்க மட்டும் அவருக்குத் தெரியாது. ஜோங்காவின் எஞ்சினும் நிஸ்ஸானின் ஒரு டன் ராணுவ டிரக்கின் எஞ்சினும் ஒன்றே என்று தெரிந்துகொண்ட தினத்தில் அவர் பால்பாயசம் வைக்கச் சொன்னதாகக் கேள்வி. ஆறு மாதத்துக்கொரு முறை வடக்கேயிருந்து ஒரு பெட்டி வரும். பிரித்தால், கேட்ட சாமானுக்கு மிக நெருங்கிய உறவான வேறொரு சாமான் அதற்குள் இருக்கும்.

வாராத சாமானைக் கடைந்துகொள்ளக் கோயம்புத்தூரில் லேத்துப் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஒருமுறை அவரோடு நானும் போனேன். பட்டைக்கும் ஷேக்கிளுக்கும் நடுவே உட்காருகிற, கட்டைவிரல் பருமனுள்ள ஒரு புஷ்ஷைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து, பூணூல் கல்யாணத்து மோதிரம்போல மேஜைமேல் வைத்தார். பட்டறைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்; வெர்னியரை வைத்து மூன்று இடத்தில் அளந்தார்; மூன்று இடத்திலும் மூன்று அளவு வந்தது. "மாதிரியே தேஞ்சு போயிருக்குதுங்ணா. இதப் பாத்துக் கடஞ்சா, புதுசும் தேஞ்சதாத்தான் வரும்" என்றார். நம்மவர் சளைக்கவில்லை. "தேயறதுக்கு முன்னால எவ்வளவு இருந்திருக்கும்னு கண்டுபுடிக்க முடியாதுங்களா?" என்றார். பட்டறைக்காரர் சற்று நேரம் அவரையே பார்த்துவிட்டு, "அதுக்கு ஜோசியரத்தானுங்ணா பாக்கோணும்" என்று சொல்லி, ஓடிக்கொண்டிருந்த வேறு வேலையில் முனைந்தார். முடிவில் ஒன்றுக்கு நாலாக, நாலு அளவில் கடைந்து, பொருந்தியதை வைத்துக்கொண்டார்கள். பொருந்தாத மூன்றும் அவர் வீட்டுப் பூஜையறையில், விபூதித் தட்டுக்குப் பின்னால் இருக்கின்றன. "ஏனுங்க, அந்த இரும்புக்குமா நான் பொட்டு வெக்கோணும்?" என்று அவர் மனைவி கேட்டது என் காதில் விழுந்தது. அந்தம்மாள் பொறுமைசாலி, கார்புரேட்டரை ஊறவைக்க ரசப் பாத்திரத்தை எடுத்த ஒரு நாளைத் தவிர அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

ஆனால் ஜோங்காக்காரரின் வாழ்க்கையில் உண்மையான துக்கம் சாமானாலும் பெட்ரோலாலும் வந்ததன்று, நிறத்தால் வந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 121-ஆவது விதி, ராணுவ வண்டியைத் தவிர வேறெந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை பூசக்கூடாது என்கிறது. இதன் கொடுமையைச் சிந்திக்க வேண்டும். பத்து வருஷத் தபசில் ஒரு ஆணி, ஒரு வளையம்கூட மாறாமல் பழைய ரூபத்துக்குக் கொண்டுவருகிற பக்தன், கடைசியில் பூச வேண்டிய ஒரே நிறத்தைச் சட்டம் அவனுக்கு மாத்திரம் இல்லையென்கிறது! அவரும் உபாயம் செய்து பார்த்தார். முதல் தடவை பூசியதற்கு 'பாசிப்பச்சை' என்று பெயர் வைத்தார். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை மரநிழலில் பார்த்தார். வெயிலில் தள்ளிக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். "நெழல்ல பாசிப்பச்சைதானுங்க, வெயிலுக்கு வந்தா பட்டாளத்துல சேந்துருதே!" என்று சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினார். அடுத்தது 'வாழைக்குருத்து', அது விதிக்குப் பொருந்திற்று, வேறெதற்கும் பொருந்தவில்லை. இப்போது வண்டி மணல்நிறத்தில் இருக்கிறது. தண்ணீர் விநியோக வண்டியா என்று இரண்டு பேர் குடத்தோடு வந்து விசாரித்துப் போனார்கள். மனம் நைந்த வேளைகளில் அவர் டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டுவார்: உள்ளங்கை அகலத்தில், எந்தப் பெயிண்டரின் கையும் எட்டாத ஒரு மூலையில், ஜபல்பூரில் பூசிய பச்சை அப்படியே இருக்கிறது. அதை நான் பதினோரு தடவை பார்த்திருக்கிறேன்.

ஐம்பது வயது கடந்த வண்டிகளைப் புராதன வாகனமாகப் பதிவுசெய்ய 2021-இல் விதி வந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். பத்து வருஷம் செல்லும். ஆனால் அந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக்கூடாது. மற்றவர்கள் இந்தக் கடைசி நிபந்தனையைக் கேட்டு முகம் சுளித்தார்கள். நம்மவர் அதைப் படித்தபோது, வெகுநாளாகத் தாம் அனுசரித்துவந்த ஆசாரத்தைச் சர்க்காரே அங்கீகரித்துவிட்டதுபோல ஒரு சாந்தி அவர் முகத்தில் படர்ந்ததை நான் கண்டேன். அவருடையது 1978-ஆம் வருஷத்து வண்டி. தம்முடைய சஷ்டியப்தபூர்த்தியைவிட அதன் ஐம்பதாவது பிறந்தநாளைத்தான் அவர் ஆவலோடு எதிர்பார்க்கிறார்.

சென்ற மாதம் வண்டி ஒருவழியாகப் பூர்த்தியாயிற்று. செல்ஃப் எடுத்தது, பிரேக் பிடித்தது, ஹாரன்கூட அடித்தது. வரும் ஞாயிறு உதகைப் பிரயாணம் என்று தீர்மானித்தோம். சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் வீதிக்குப் புதிதாகக் குடிவந்திருந்த ஒரு பெரியவரை ஜோங்காக்காரர் தேடிப்பிடித்து அழைத்துவந்தார். ராணுவத்தில் டிரைவராக இருந்து ஹவில்தாராக ஓய்வுபெற்றவர். ஜோங்கா ஓட்டிய கை. மைசூர்பாகு, காபி உபசாரங்களை ஒதுக்கிவிட்டு அவர் வண்டியை இடமிருந்து வலமாக ஒருமுறை சுற்றிவந்தார்; முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் குனிந்தார். அங்கே, பின் அச்சின் நடுக்குடத்தில் வெள்ளை பூசி, அதன்மேல் மாத்திரம் வெளிச்சம் விழும்படி ஒரு குருவிமுட்டை பல்பு உண்டு. இருட்டில், மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு வரிசையாகப் போகும்போது, பின்னால் வருகிற டிரைவருக்கு அந்த வெள்ளைதான் வழி. "எரியுதுங்களா?" என்றார். நம்மவர் ஓடிப்போய் ஸ்விட்சைப் போட்டார். எரிந்தது. பெரியவர் குனிந்தபடியே கொஞ்சநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை.

பிறகு எழுந்து, கைகளைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "இத்தன சுத்தமா எங்க யூனிட்லயே ஒரே ஒரு வண்டிதானுங்க இருந்துச்சு. பெரிய அதிகாரி யாராச்சும் இன்ஸ்பெக்சன் வந்தாக் காட்டறதுக்குன்னு வெச்சிருந்தோம்."

"அத எங்கெங்க ஓட்டிட்டுப் போனீங்க?" என்று ஜோங்காக்காரர் மூச்சுவிடாமல் கேட்டார்.

"ஓட்டறதுங்களா? அத எப்படிங்க ஓட்டறது, அழுக்காயிருமே!"

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு நான் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, ஃபிளாஸ்க்கும் கையுமாக வாசலுக்கு வந்தேன். வண்டி கழுத்துவரை தார்ப்பாய் போர்த்தி, நாலு மூலையிலும் கயிறு கட்டி நின்றது. ஜோங்காக்காரர் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு அணிந்து, ஒரு சாமானும் பாக்கி இல்லாத மனிதரின் நிம்மதியோடு ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஊட்டி பஸ்ஸு ஆறு மணிக்கு இருக்குதுங்க. மேட்டுப்பாளையம் ரோட்டு பஸ் ஸ்டாண்டுல உங்களக் கொண்டுபோய் விட்டரட்டுங்களா?" என்றார்.