இங்கதான் இருந்துச்சு

மதுரை ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து மேலவெளி வீதியில் கால் வைத்ததும் என் பெரிய மாமா வலது கையை உயர்த்துவார். ஆட்டோவைக் கூப்பிடுகிறார் என்று நினைத்து நாலு ஆட்டோ வந்து நிற்கும். மாமா கை காட்டியது 1968-ஆம் வருஷத்தை.

"மாப்ள, இங்கதான்டா ரீகல் டாக்கீஸ். பகல் பூரா லைப்ரரி, பொழுது சாஞ்சா இங்கிலீஷ் படம். ஒரே கட்டடம்!"

"சார், ஏறுறீங்களா இல்லையா?" என்பார் ஆட்டோக்காரர். மாமா ஏற மாட்டார். அவர் அப்போது டாக்கீஸுக்குள் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பார். ரீகல் இருந்த அந்த விக்டோரியா எட்வர்ட் ஹாலில்தான் தன் இங்கிலீஷ் விளைந்தது என்பது அவர் கட்சி. பக்கத்து ஆள் சிரிக்கும்போது கூடச் சிரிக்கக் கற்றுக்கொண்டார் என்பது அம்மாவின் கட்சி.

இந்த வகை மனிதர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. 'இங்கதான்' ஆசாமிகள் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். ஊரைவிட்டுப் போய் நாற்பது, ஐம்பது வருஷம் ஆகியிருக்கும். ஆனாலும் அந்த ஊருக்குள் இவர்களை நம்பி ஒருவன் வழி கேட்டுவிட்டால் அவன் கதை அன்றைக்கு முடிந்தது.

"தங்கம் தியேட்டர்ல எறங்கி, பீச்சாங்கைப் பக்கம் திரும்பு."

"தங்கம் தியேட்டர் எங்க மாமா இருக்கு?"

"அதத்தான் இடிச்சுட்டாய்ங்களே."

"அப்ப எங்க எறங்குறது?"

"சொல்றேன்ல, தங்கம் தியேட்டர்ல!"

1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்த கொட்டகை அது. 2,500-க்கும் மேல் இருக்கைகள். ஆசியாவிலேயே பெரிது என்று மதுரைக்காரர்கள் மார்தட்டிக்கொள்வார்கள். மாமா பிறந்தது 1958-இல். ஆனால் 'பராசக்தி' முதல் நாள் கூட்டத்தில் சட்டை கிழிந்தது அவருக்குத்தான். இன்று அந்த இடத்தில் ஜவுளிக்கடை நிற்கிறது. 1937-இல் வந்த 'சிந்தாமணி' படத்தின் வசூலில் கட்டியதாகச் சொல்லப்படும் சிந்தாமணி டாக்கீஸும் ஜவுளிக்கே போனது. "மதுரையில எத இடிச்சாலும் உள்ள இருந்து ஒரு பட்டுச்சேல வருது" என்பார் மாமா. அதை அவர் வருத்தத்தோடு சொல்வதாகத்தான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். கூடவே இருக்கிற எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. இடிந்த இடத்தில்தான் அவருக்குப் பேச்சே ஊறும். 1889-இல் கட்டிய ஏ.வி. பாலம் இன்றைக்கும் வைகையின் குறுக்கே கல் அசையாமல் நிற்கிறது. அதன்மேல் அவரோடு எத்தனையோ முறை போயிருக்கிறேன். மனிதர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நின்றுகொண்டிருக்கிற பாலத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

அவருடைய கதைகளில் மூலவர் என்றால் காம்பவுண்டு வீடுதான். மதுரையில் காம்பவுண்டு என்றால் சுற்றுச்சுவர் மட்டுமில்லை. ஒரு வாசல், நடுவில் நீளமாக ஒரு நடைபாதை, இரண்டு பக்கமும் தீப்பெட்டி அடுக்கினதுபோல் குடித்தனங்கள், கடைசியில் பொதுக் கிணறு, துவைக்கிற கல், அதற்கும் பின்னால் கக்கூஸ். முன்கட்டில் வீட்டுக்காரர். மெயின் சுவிட்ச் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். பத்து மணி அடித்தால் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் இருட்டிவிடும்.

இந்தக் காம்பவுண்டு வருஷத்துக்கு வருஷம் வளர்ந்துகொண்டிருக்கிறது. நான் சின்னப் பையனாகக் கேட்டபோது ஏழு குடித்தனம். என் கல்யாணத்தின்போது பதினொன்று. மாமா பணி ஓய்வு பெற்றதும் அவருக்கு நேரம் கிடைத்தது, பதினாறாகிவிட்டது. கிணறு முதலில் கிணறாக இருந்தது. பிறகு அதில் நீந்தினார்கள். இப்போது அண்ணன் தம்பி மூன்று பேரும் மேல்சுவரிலிருந்து தலைகீழாகக் குதித்து அடியில் கிடந்த பித்தளைச் செம்பை எடுத்து வருகிறார்கள். வளராமல் அப்படியே இருப்பது ஒன்றுதான். கக்கூஸ் அன்றைக்கும் இரண்டு, இன்றைக்கும் இரண்டு. அதைக் கூட்டினால் கஷ்டம் குறைந்துவிடும். கஷ்டம் குறைந்தால் கதை படுத்துவிடும்.

"எல்லாரும் ஒண்ணுமண்ணா இருந்தோம்டா" என்பார். அத்தை அடுப்படியிலிருந்து, "ஆமா, கெணத்தடியில வாளிக்குச் சண்டை போட்டு ரெண்டு வீட்டுக்காரவுக மூணு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாம இருந்தாக. அதையும் சொல்லுங்க" என்று குரல் கொடுப்பார். அத்தையும் அதே தெருதான். ஆனால் அவருக்கு இந்த நோய் கிடையாது. தண்ணீர் இறைத்தவர்களுக்கும் அதில் குளித்தவர்களுக்கும் ஞாபகம் ஒன்றாக இருக்காது போலும்.

ஒருநாள் எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "மாமா, உங்க காம்பவுண்டு இருந்த தெருவோட பேர் என்ன?" என்றேன்.

"பெருமாள் மேஸ்திரி வீதியில இருந்து பிரியுற சந்து."

"அந்த மேஸ்திரி யாரு?"

மாமாவுக்குத் தெரியாது. நான் சொன்னேன். மதுரையைச் சுற்றி அகழியோடு கோட்டை இருந்தது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் அதை இடித்து அகழியைத் தூர்த்தார். இடித்து மட்டமாக்குகிறவர்களுக்கு அந்த நிலம் என்று அறிவிப்பு. இடிப்பைப் பார்த்துக்கொண்டவர்கள் சர்வேயர் மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும். மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று இன்றைக்கும் மதுரை இரண்டு பேரையும் வாயாரச் சொல்லிக்கொண்டிருக்கிறது. "இடிச்சுட்டாய்ங்க, இடிச்சுட்டாய்ங்கன்னு நீங்க பொலம்புறதே இடிச்சவர் பேர் வெச்ச தெருவுக்குத்தான்" என்றேன்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவய்ங்க கோட்டையத்தான இடிச்சாய்ங்க? வீட்டையா இடிச்சாய்ங்க?"

நியாயம்தான். கோட்டைக்குப் பாவம், புலம்ப மாமாக்கள் இல்லை. இருந்திருக்கவும் கூடும். 1850 வாக்கில் எவராவது ஒரு கிழவர் வெளிவீதியில் நின்று, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு, இங்கதான்டா அகழி இருந்துச்சு, மொதலை கெடந்துச்சு என்று அளந்திருக்க மாட்டாரா? அதற்கும் முன்னால், திருமலை நாயக்கர் கட்டிய அரண்மனையைப் பேரன் சொக்கநாத நாயக்கர் பிரித்துத் திருச்சிக்கு வண்டி ஏற்றியபோது எத்தனை மாமாக்கள் வாயில் கை வைத்து நின்றார்களோ! அதில் மிஞ்சிய பத்துத் தூண் ஒரு சந்துக்குள் இன்றைக்கும் நிற்கிறது. சுற்றிலும் என்ன என்று கேட்கவே வேண்டாம். ஜவுளிக்கடைதான்.

மாமாவின் சொந்த வீடு இப்போது சென்னை மடிப்பாக்கத்தில். அங்கே நடைப்பயிற்சியில் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் கூட வருவார். ஒருநாள் அவர் மாமா வீட்டு வாசலில் நின்று, "சார், இப்ப நீங்க கார் நிறுத்தியிருக்கீங்களே, இங்கதான் நாங்க நாத்து நட்டோம். முழங்கால் சேறு" என்றாராம். மாமாவுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. "சரியான பழம்பஞ்சாங்கம். பாக்குறப்பெல்லாம் இதே பேச்சு" என்று என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. நான்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போன சித்திரையில் சொந்தத்தில் ஒரு கல்யாணம், மதுரையில். முகூர்த்தம் முடிந்து பந்திக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. மாமா துண்டை எடுத்துத் தோளில் போட்டார். பேரனையும் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கண்ணைத் துடைக்க வேண்டி வரும் என்றுதான் துண்டு.

டவுன் ஹால் ரோட்டில் நின்றார். "இங்கதான் பெருமாள் தெப்பக்குளம் இருந்துச்சு."

"இன்னும் இருக்கு மாமா. கடைகளுக்குப் பின்னாடி."

"அது இருக்குறதாடா?" என்று நடையைக் கட்டினார்.

மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் இரண்டு பக்கமும் லாட்ஜ். மாமாவின் குரல் கனத்துக்கொண்டே வந்தது. இந்த லாட்ஜுக்கு அடுத்து மாவு மில், அதற்கடுத்து சந்து, சந்துக்குள் நாலாவது வாசல், அங்கே இப்போது எந்தக் குடவுனோ என்று சொல்லிக்கொண்டே திரும்பினார். நின்றார்.

காம்பவுண்டு நின்றுகொண்டிருந்தது.

அதே நிலைப்படி, அதே மரக்கதவு. நடைபாதையில் இரண்டு மோட்டார்சைக்கிள். கொடியில் பள்ளிச் சீருடை காய்ந்தது. குடித்தனங்களை எண்ணினேன், ஆறு. கிணற்றுக்குமேல் இரும்பு வலை போட்டு மோட்டார் மாட்டியிருந்தார்கள். பேரன் அதன்மேல் சாய்ந்து இரண்டு கையையும் விரித்துப் பார்த்தான். கிட்டத்தட்ட எட்டிவிட்டது.

"தாத்தா, இதுலயா மூணு பேரும் தலைகீழாக் குதிச்சீங்க?"

மாமா பதில் சொல்லவில்லை. முன்கட்டிலிருந்து ஒரு பாட்டி வெளியே வந்தார்.

"யாருப்பா வேணும்?"

"நாங்க இங்க மூணாம் நம்பர்ல குடியிருந்தோம்மா. எழுவத்தி நாலுல காலி பண்ணிட்டுப் போனோம்."

பாட்டி கண்ணைச் சுருக்கினார். "மூணாம் நம்பரா? கரண்டுக் காசு குடுக்காமப் போனவுகளா?"

"அம்மா, அது..."

"ஏழு ரூவா அம்பது பைசா. எங்க மாமியா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாக."

மாமா சட்டைப்பையில் கைவிட்டு ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்தார். "சில்லறை இல்லையேப்பா" என்றார் பாட்டி. சொல்லிவிட்டுச் சிரித்தார். "போகுது விடு. இருந்து காப்பி குடிச்சிட்டுப் போங்க."

காப்பி வரும்வரை மூணாம் நம்பரை வெளியிலிருந்தே பார்த்தோம். ஒரு பட்டாசல், ஒரு அடுப்படி. பட்டாசலில் ஒரு கட்டிலும் பீரோவும் போட்டதில் நிற்க இடமில்லை. ஒன்பது பேர் எப்படிப் படுத்தீர்கள் என்று கேட்க நினைத்துத் திரும்பினேன். மாமா பக்கத்தில் இல்லை.

கிணற்றடியில் குனிந்து நின்றுகொண்டிருந்தார். துவைக்கிற கல்லின் விளிம்பில் விரல் நீளத்துக்கு ஒரு பள்ளம். பம்பரத்துக்கு ஆணி தீட்டித் தீட்டி விழுந்தது. மாமா கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்தார். முன்னும் பின்னும் ஒருதரம் தேய்த்தார். சோப்பு நுரை ஒட்டியது. 'இங்கதான்' என்ற வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டு வந்து காப்பியை வாங்கிக் குடித்தார்.

திரும்பும்போது ரீகலையும் தாண்டிப் போனோம். கை உயரவில்லை. ஆட்டோ ஒன்றுகூட நிற்கவில்லை.

மண்டபத்தில் இரண்டாம் பந்தி. மாமா ரசத்துக்குச் சோற்றில் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். எதிர் வரிசையிலிருந்து சின்ன மாமா கேட்டார்: "என்னண்ணே, காம்பவுண்டுப் பக்கம் போனீங்களாமே? எப்பிடி இருக்கு?"

பெரிய மாமா ஒரு வாய் சோற்றை நிதானமாக மென்று விழுங்கினார்.

"அத ஏன் கேக்குற. இடிச்சுட்டாய்ங்க. ஜவுளிக்கட வந்துருக்கு."

"அடப்பாவிகளா! பதினாறு குடித்தனமும் போச்சா?"

"பதினெட்டு" என்றார் மாமா.

பேரன் வாயைத் திறந்தான். மாமா தன் இலையில் இருந்த ஜாங்கிரியை எடுத்து அவன் இலையில் வைத்தார்.