ஆறு கார்களும் ஐந்து புள்ளிகளும்

கேள்வி: 2005ஆம் வருஷத்து ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் நான்காவதாக வந்தார் என்று என் மைத்துனர் ஓயாமல் பெருமையடிக்கிறார். ஓடியதே ஆறு கார்கள்தானாமே?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: ஆறுதான், சந்தேகமில்லை. ஜூன் 19ஆம் தேதி இண்டியானாபோலிஸ் நகரத்தில், சாய்தளமாய் அமைந்த கடைசி வளைவின் வேகத்தை டயர் தாங்காதென்று அஞ்சி, மிச்செலின் டயர் பூட்டிய பதினான்கு கார்களும், கோயிலைப் பிரதட்சிணம் செய்வதுபோல் சம்பிரதாயமாக ஒரு சுற்று வந்துவிட்டு, கொட்டகைக்குள் புகுந்துகொண்டன. பந்தயத்தின் நடுவே டயர் மாற்றலாகாது என்பது அவ்வருஷத்து விதியாதலால், பயத்திற்கு நியாயமும் இருந்தது. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய ஃபெராரி, ஜோர்டான், மினார்டி அணிகளின் ஆறு கார்கள் மட்டும், காசு கொடுத்து வந்த ஜனங்களின் கூச்சலுக்கிடையே, 73 சுற்றுப் பந்தயத்தில் கடைசிவரை ஓடின. கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் ஈட்டிய புள்ளிகள் அன்றைய ஐந்து மட்டுமே.

ஆனால், காற்று சரியில்லையென்று பல தோணிகள் கரையிலேயே கிடக்க, துணிந்து போனவர்கள் குளித்தெடுத்த சங்கை உங்களூர்க் கரையில் வளையத்தில் விட்டு அளவு பார்க்கும்போது, வளையத்துக்குள் நழுவாத சங்கைக் கையில் வைத்துக்கொண்டு, “இன்று எத்தனை தோணி போயிற்று?” என்று கேட்டு விலையைக் குறைப்பார் உண்டோ?

மைத்துனரைச் சீண்டியே தீரவேண்டுமென்றால் வேறொரு வழி சொல்கிறேன்: மூன்றாவதாக வந்த மோன்டேரோ ஓட்டியதும் அதே ஜோர்டான் கார்தான்.