கமலாலயக் கரையில் ஜிபிஎஸ்

விடியற்காலையில் திருவாரூர்க் கமலாலயக் குளத்தைச் சுற்றுகிறவர்களுக்கு இப்போது பெரிய கவலை முழங்கால் அல்ல, மணிக்கட்டு. கார்மின் ஃபோர்ரன்னர் 55 வாங்கலாமா, அமேஸ்ஃபிட் போதுமா என்று பேசியே ஒரு சுற்று முடிந்துவிடுகிறது. ஓட்டம் நாளைக்கு.

விலை குறைந்த மாடல் என்றால் பெட்டியை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். ‘கனெக்டட் ஜிபிஎஸ்’ என்றிருந்தால் கடிகாரத்துக்குள் ஜிபிஎஸ் கிடையாது; போனையும் சுமந்துகொண்டு ஓட வேண்டியதுதான். உள்ளேயே இருந்தாலும், பேட்டரியை மிச்சம் பிடிக்கச் சில கடிகாரங்கள் சில வினாடிக்கு ஒருமுறைதான் இடத்தைக் குறிக்கும். நீங்கள் குளத்து மூலையில் ஒழுங்காகத் திரும்பியிருப்பீர்கள்; அது குறுக்கே கோடு போட்டுவிடும். இந்தத் தண்ணீரை ஊற்றி நமிநந்தியடிகள் விளக்கெரித்தார் என்கிறது பெரியபுராணம். அதன்மேல் நீங்கள் ஓடினீர்கள் என்கிறது ஆப்.

இன்னும் காசு கொடுத்தால் காற்றழுத்தத்தை வைத்து ஏற்றம் அளக்கும் மாடல் வரும். டெல்டாவில் வாய்க்கால் மதகைத் தவிர எதில் ஏறுவது?

குளம் ஐந்து வேலி என்பது ஊரறிந்த கணக்கு. வேலி ஒன்றுக்கு ஏறத்தாழ 6.6 ஏக்கர், சதுரமாக வைத்துக்கொண்டால் ஒரு சுற்று ஒன்றரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தாத்தாவின் எச்எம்டியில் நேரம் பார்த்து வகுத்தால் வேகம் வந்துவிடும். ஆனால் எச்எம்டியிலிருந்து ஸ்ட்ராவாவில் ஏற்ற முடியாதே. சென்னையில் இருக்கிற மச்சான் பார்க்காத ஓட்டத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது?