கூடைப் படலம்: கீழமாசி வீதி வழக்கை ஒட்டிய ஏபிஐ இலக்கணம்

கூடை என்பது வாங்க நினைத்ததற்கும் வாங்கியதற்கும் இடைப்பட்ட நிலை. இணையக் கடையில் அது சர்வரில் கிடக்கும் ஒரு பதிவு. மதுரை கீழமாசி வீதி மளிகைக் கடையில் அது சிட்டை. இரண்டும் ஒன்றே என்பது துணிபு. வேறு என்பாரும் உளர்; அவர்கள் கடைக்குப் போனதில்லை.

கூடைக்குத் தொழில் நான்கு. கெட், சிட்டையை வாசித்தல். போஸ்ட், சாமான் சேர்த்தல். புட், அளவைத் திருத்துதல். டிலீட், அடித்தல். "துவரம்பருப்பு அரைக் கிலோ" என்பதைப் புட்டில் மூன்று முறை அனுப்பினாலும் அரைக் கிலோதான். போஸ்ட்டில் அனுப்பினால் ஒன்றரைக் கிலோ ஆகும். சிக்னல் விட்டுவிட்டு வரும் வீடுகளில் பருப்பு இவ்வாறே பெருகுகிறது. கோரிக்கைதோறும் தனி எண் கொடுத்து, அதே எண் மீண்டும் வந்தால் பழைய பதிலையே தருவது இதற்கு மருந்து.

கோரிக்கைகளுக்கிடையே வாடிக்கையாளரின் நிலையைச் சர்வர் சுமக்கலாகாது என்று ராய் ஃபீல்டிங் 2000இல் தம் ஆய்வேட்டில் வகுத்தார். அதற்கும் முன்பே, 1994இல், நெட்ஸ்கேப்பின் லூ மோன்டுல்லி குக்கியை உருவாக்கியதன் நோக்கங்களுள் ஒன்று, கூடையின் நினைவை வாங்குபவர் கணினியிலேயே வைப்பது. "போன மாசச் சிட்டையே போடுங்க அண்ணாச்சி" என்றால் போட்டுவிடும் அண்ணாச்சி இந்த ஆய்வேட்டை மீறியே வியாபாரம் செய்கிறார்.

பதில் எண்கள்: 200, இருக்கிறது. 404, இல்லை. 410, இனி வராது. "நாளைக்கு வரும்" என்பது 503. எப்போது மீண்டும் கேட்கலாம் என்று அதனுடன் குறிக்க வழியுண்டு, அண்ணாச்சி குறிப்பதில்லை. 402, "பணம் தேவை", வருங்காலத்துக்கென ஒதுக்கப்பட்டது. பற்று நோட்டும் அவ்வாறே.

இனிக் கொசுறு. காய் வாங்கினால் கறிவேப்பிலை சேரும். கோரிக்கையில் அது இல்லை, கூடையில் அதற்கு வரியில்லை, விலையில்லை. வராவிட்டால் மட்டும் பிழை (காண்க: சிட்டை, பின்பக்கம்). விலை சுழியமான பொருள் என்பர் ஒரு சாரார். அங்ஙனமாயின் கறிவேப்பிலையை மட்டும் பத்து இணுக்கு ஆர்டர் செய்யலாம். கடைக்கார அக்கா முறைப்பதால் அது பொருந்தாது (காண்க: மேற்படி, எண்ணெய்க் கறைக்குக் கீழ்). பதிலின் ஹெடர் என்பர் மற்றொரு சாரார்: பொருளோடு வரும், பொருளன்று. இது சிறப்புடைத்து. ஆனால் கெட் எதையும் மாற்றாத தொழில். விலை மட்டும் விசாரித்தவர் பையிலும் அக்கா ஓர் இணுக்கைத் திணித்தால் விதி முறிகிறது (காண்க: மேற்படி, கறை பரவியபின் படிக்க இயலாத வரி, அதன்மேல் பென்சிலில் போட்ட கூட்டல், கூட்டலில் விடுபட்ட பெருங்காயம்). மதுரைக்காஞ்சியின் 782 அடிகளுள் நாளங்காடியும் அல்லங்காடியும் உண்டு. கொசுறையும் அங்கே காட்ட விரும்புவோர்க்கு, எங்கோ கிடந்த சொல்லை எங்கோ கொண்டுபோய் மாட்டிப் பொருள் கண்ட உரைகாரர் நச்சினார்க்கினியர் வழிகாட்டி. முனைவர் பட்டம் வேண்டுவோர்க்கும் அதுவே வழி.

கிளையன்ட் லைப்ரரி என்பது கடைக்கு அனுப்பப்படும் பையன். அனுப்புபவர் முகவரியோ பதில் எண்ணோ அறிய வேண்டியதில்லை. "உளுந்து ஒரு கிலோ" என்றால் போதும். நடையும் வரிசையில் நிற்பதும் பையன் பாடு. மீதி 2 ரூபாய்க்குப் பதில் மிட்டாய் வருவது டைப் எரர்: எண் வர வேண்டிய இடத்தில் பொருள். நல்ல லைப்ரரி அதை அழைத்தவருக்குத் தெரிவிக்கும்; பையன் தின்றுவிடுவான்.

பதிப்பு மாற்றம்: பையன் பத்தாம் வகுப்புக்குப் போனதும் பராமரிப்பு நின்றுவிடும், தம்பியை நிறுவிக்கொள்ள வேண்டும்.